உலோகத்துக்கும் களைப்பு உண்டு: பல் இம்பிளாண்ட் ஏன் உடைகிறது?



பல் போனால் சொல் போயிற்று என்பார்கள் நம் பெரியவர்கள். சொல் மட்டுமா போகிறது? சோற்றின் சுவையும் போகிறது. முறுக்கைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சபையில் வாய்விட்டுச் சிரிக்கவும் கூச்சமாகி விடுகிறது. நம் தாத்தா பாட்டிமார் இதை வயதோடு வரும் விதி என்று ஏற்றுக்கொண்டார்கள். இன்று அப்படி இல்லை. பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தாய் தந்தையரைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, கழற்றி மாட்டும் பல்செட்டுக்குப் பதிலாக, தாடை எலும்பிலேயே பதிக்கும் பல்லை வைத்துத் தருகிறார்கள். இதைத்தான் பல் இம்பிளாண்ட் என்கிறோம்.

இம்பிளாண்ட் என்றால் என்ன? அதில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, எலும்புக்குள் வேர்போல் நிற்கும் டைட்டானியத் திருகு. இரண்டாவது, அதன் மேல் பொருந்தி ஈறுக்கு வெளியே தலைகாட்டும் இணைப்புத் துண்டு. மூன்றாவது, அதன்மேல் ஏறும் செயற்கைப் பல். இணைப்புத் துண்டையும் வேரையும் சேர்த்துப் பிடிப்பதற்கு, வேரின் நடுவே உள்ள துளைக்குள் இன்னொரு மெல்லிய திருகு இறங்குகிறது. இந்தத் துளையையும் இந்தத் திருகையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் இவை மீண்டும் வரும்.

எலும்போடு ஒட்டிக்கொண்ட இம்பிளாண்ட் பெரும்பாலோருக்கு நெடுங்காலம் உழைக்கிறது. ஆனாலும் எப்போதாவது ஒருவருக்கு அது உடைந்து விடுகிறது. உடைந்தவர் என்ன நினைக்கிறார்? "நேற்று ஆட்டெலும்பைக் கடித்தேன், அதனால்தான் உடைந்தது" என்று தம்மையே நொந்துகொள்கிறார். வீட்டாரும் அவரைக் கடிந்துகொள்கிறார்கள். உண்மையில் குற்றவாளி அந்த ஆட்டெலும்புதானா? இதற்கு விடை தேட நாம் பல் மருத்துவ மனைக்குப் போகும் முன், பழைய ரயில் பாதை ஒன்றுக்குப் போக வேண்டும். உலோகம் எவ்வாறு உடைகிறது என்பதைப் பற்றி மனிதன் பெரிய பாடம் ஒன்றைக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள். பிரான்ஸ் நாட்டு மன்னரை முன்னிட்டு வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் நடந்த விழாவைக் கண்டுகளித்த மக்கள், பாரிசுக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் முன்னால் சென்ற எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. பெட்டிகளின் கதவுகளைப் பூட்டி வைப்பது அக்கால வழக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உலகக் கடல்களையெல்லாம் சுற்றிவந்த தூமோன் தூர்வில் என்ற புகழ்பெற்ற மாலுமியும் குடும்பத்தோடு அன்று உயிரிழந்தார்.

அந்த அச்சு நல்ல இரும்பால் ஆனது. அதுநாள்வரை அதே பாரத்தைச் சுமந்து ஓடியதுதான். அன்று புதிதாக எந்தப் பாரமும் ஏற்றப்படவில்லை. பிறகு ஏன் முறிந்தது? இதுதான் அக்காலப் பொறியாளர்களைத் திகைக்க வைத்த கேள்வி.

நேயர்களே, பால்மரத்தில் மங்கைத் தாங்கும் கம்பியை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அந்தக் கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியுமா? எவ்வளவு பலசாலியாலும் முடியாது. ஆனால் ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மடக்கிக்கொண்டே இருந்தால் சிறு பிள்ளையும் அதை ஒடித்து விடும். வகுப்பில் எங்கள் மாணவர்களை நாங்கள் இதைச் செய்து பார்க்கச் சொல்வதுண்டு. எத்தனையாவது மடக்கில் ஒடிகிறது என்று அவர்கள் எண்ணுவார்கள். கடைசி மடக்குக்கு முந்தைய மடக்குகளைவிட அதிக பலம் தேவைப்பட்டதா என்று கேட்டால், "இல்லை, கடைசியில்தான் சுலபமாக இருந்தது" என்று சொல்வார்கள். உலோகம் உடைவதன் இரகசியம் அந்தப் பிள்ளைகளின் பதிலிலேயே இருக்கிறது.

ரயில் அச்சு சுழலும்போது அதன் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் மாறி மாறி இழுபடுகின்றன, நசுங்குகின்றன. கம்பி வளைவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அச்சு வளைவதோ மயிரிழையிலும் சிறிது. ஆனால் அது இலட்சக்கணக்கான முறை நடக்கிறது. ஏதோ ஒரு மூலையில் ஒரு நுண்ணிய விரிசல் பிறக்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அது இம்மி இம்மியாக உள்ளே நகர்கிறது. மிஞ்சியிருக்கும் நல்ல உலோகம் பாரத்தைத் தாங்க முடியாத அளவுக்குக் குறைந்ததும், ஒருநாள் பட்டென்று முறிகிறது. இதனை உலோகக் களைப்பு என்கிறார்கள்.

ஸ்காட்லாந்துப் பொறியாளரான ராங்கின், 1843இல், அச்சின் தடித்த பகுதி மெலியும் மூலையிலிருந்துதான் விரிசல் சிறிது சிறிதாக உள்ளே செல்கிறது என்று எடுத்துக்காட்டினார். ஜெர்மனியில் ரயில்வே அதிகாரியாக இருந்த ஆகஸ்ட் வோலர், அச்சுகளை வளைத்துச் சுழற்றும் பொறிகளை அமைத்துப் பல ஆண்டுகள் சோதனை செய்து, 1870இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரே அடியில் உடைக்கத் தேவையான பலத்தைவிட மிகக் குறைந்த பலமும், திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை உடைத்து விடும் என்பது அவர் கண்ட உண்மை. கூர்மையான மூலைகள் இருந்தால் இன்னும் விரைவில் உடையும் என்பதும் அப்போது தெளிவாயிற்று.

இந்தப் பாடத்தை உலகம் மறந்தபோது என்ன நடந்தது? அதற்கு நம் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 1954ஆம் ஆண்டு ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட காமெட் என்னும் ஜெட் விமானம், ரோமாபுரியில் இறங்கி மீண்டும் மேலேறிய சிறிது நேரத்தில், 10ஆம் நாளன்று இத்தாலியின் எல்பா தீவருகே கடலில் சிதறி விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டார்கள். பிறகு இங்கிலாந்தில் இன்னொரு காமெட் விமானத்தை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது அதன் உடல் உப்பித் தளர்வதைப் போலவே நீரின் அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். அது ஏற்கெனவே பறந்த பயணங்களையும் சேர்த்துச் சுமார் 3,000 தடவைக்குப் பின் அந்த உடல் ஒரு திறப்பின் மூலையிலிருந்து கிழிந்தது. ரயில் அச்சைக் கொன்ற அதே களைப்புதான் விமானத்தையும் கொன்றிருந்தது.

இனி நாம் வாய்க்குள் வருவோம்.

இழந்த பல்லுக்குப் பதிலாக எதையாவது எலும்பில் ஊன்றிப் பார்க்கும் ஆசை மனிதனுக்கு நெடுநாளாக உண்டு. மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் 1931இல் தோண்டியெடுக்கப்பட்ட பழைய மாயா இனத்தவரின் தாடையொன்றில், சிப்பியைப் பல்லாகச் செதுக்கிப் பதித்திருந்தார்கள். 1913இல் அமெரிக்கரான கிரீன்ஃபீல்டு, இரிடியம் கலந்த பிளாட்டினக் கம்பியால் சிறு கூடு ஒன்று பின்னி அதை எலும்புக்குள் இறக்கினார். 1930களில் பாஸ்டன் நகரத்து ஸ்ட்ராக் என்பவர் கோபால்ட் கலப்பு உலோகத்தால் திருகு செய்து பதித்தார். 1960களில் தகடு வடிவ இம்பிளாண்டுகள் வந்தன. சில நன்றாகவே உழைத்தன. ஆனால் பெரும்பாலானவற்றின் முடிவு ஒன்றுதான். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய சதைப்படலம் வளரும். இம்பிளாண்ட் ஆடத் தொடங்கும். சீழ் கட்டும். இறுதியில் கழற்றி எறிய வேண்டி வரும். எலும்பு ஏற்றுக்கொள்ளாததுதான் அக்காலச் சிக்கல். உலோகம் களைத்துப் போவதற்கு அங்கே நேரமே கிடைக்கவில்லை.

இந்த நிலையை மாற்றியது டைட்டானியம். 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கறுப்பு மணலிலிருந்து கிரெகர் என்ற பாதிரியார் இதை அடையாளம் கண்டார். கிரேக்கப் புராணத்தில் வரும் டைட்டன் என்ற அசுரர்களின் பெயரை இதற்கு 1795இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் சூட்டினார். நம் மலேசியாவில் ஈயச் சுரங்கங்களில் ஈயம் பிரித்தபின் மிஞ்சும் 'அமாங்' என்னும் மணலிலும் டைட்டானியத் தாதுவான இல்மெனைட் உண்டு.

1952ஆம் ஆண்டு சுவீடனின் லுண்ட் நகரத்தில் பெர் இங்வர் பிரானமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் இரத்தம் ஓடுவதைப் பார்ப்பதற்காக, டைட்டானியத்தால் ஆன சிறு கருவி ஒன்றை முயலின் கால் எலும்பில் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் விலையுயர்ந்த அந்தக் கருவியைக் கழற்ற முயன்றார். அது வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிப் போயிருந்தது. தொல்லை என்று அலுத்துக்கொள்ளாமல், இது ஏன் நடந்தது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விதான் இம்பிளாண்டின் மறுபிறப்பு.

1965இல் கோதன்பர்க் நகரில் 34 வயதான யோஸ்தா லார்சன் என்பவர் அவருடைய முதல் நோயாளி ஆனார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ளவர் அவர். கீழ்த்தாடையில் பல் இல்லாமல் உண்ணவும் பேசவும் துன்பப்பட்டார். பிரானமார்க் அவருடைய கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். 2006இல் லார்சன் காலமாகும்வரை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்கு அவை உழைத்தன. 1982இல் கனடாவின் டொரொண்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பின் உலகப் பல் மருத்துவர்கள் இந்த முறையை ஏற்றுக்கொண்டார்கள்.

நேயர்களே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய உண்மை இருக்கிறது. மாட்டு வண்டியின் அச்சு ரயில் அச்சைப்போல் இலட்சம் இலட்சமாகச் சுழன்றதில்லை. ரயில் வந்த பிறகுதான் அச்சின் களைப்பு பெரும் சிக்கலாயிற்று. அதுபோலவே, எலும்பு இம்பிளாண்டை ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் வைத்திருக்கத் தொடங்கிய பிறகுதான், உலோகம் களைத்து உடைவது ஒரு தனிச் சிக்கலாகத் தலைகாட்டியது. நீண்ட உழைப்போடு சேர்ந்து வந்த நோய் இது.

ஒரு மனிதர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் முறை மெல்லுகிறார் என்று வைத்துக்கொள்வது ஆய்வுக்கூட வழக்கம். ஒவ்வொரு கடியும் அந்த மங்குக் கம்பியை மிக மிக இலேசாக ஒருமுறை மடக்குவது போலத்தான். வடிவமும் எலும்பும் சரியாக இருந்தால் உலோகம் இதைத் தாங்கும். எப்போது தாங்காது? நான்கு சூழ்நிலைகளைச் சொல்லலாம்.

முதலாவது, இடம். பிரானமார்க் முதலில் செய்தது, பல்லே இல்லாத தாடையின் முன்பகுதியில் பல திருகுகளை வளைவாக நட்டு, எல்லாவற்றையும் ஒரே பாலமாக இணைப்பது. பாரத்தை அவை பங்கிட்டுக்கொண்டன. பின்னர் அதே மெல்லிய திருகுகளை, சுமார் 3.75 மில்லிமீட்டர் பருமன் உள்ளவற்றை, கடைவாயில் ஒன்றிரண்டாக நடலானார்கள். கடைவாயில் கடியின் பலம் முன்பற்களைவிடப் பல மடங்கு. அதிலும் தாங்க ஆளில்லாமல் ஒருபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பல் இருந்தால், அது கடப்பாரையால் நெம்புவது போலாகும். 1995இல் ராங்கெர்ட் என்ற பொறியாளரும் மருத்துவர்களும் இம்பிளாண்ட் உடைந்த 39 நோயாளிகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது பேருக்குக் கடைவாய்ப் பகுதியிலேயே உடைந்திருக்கக் கண்டார்கள்.

இரண்டாவது, எலும்பு கரைவது. வேலிக்கம்பத்தின் அடிமண்ணை மழை அரித்துச் சென்றால் கம்பம் முன்பைவிட அதிகமாக ஆடும் அல்லவா? இம்பிளாண்டைச் சுற்றி அழுக்கு சேர்ந்து ஈறு புண்ணானால், எலும்பு மேலிருந்து கீழாகக் கரைகிறது. புகைப்பழக்கமும் கட்டுப்படாத நீரிழிவும் இதை விரைவுபடுத்தும். எலும்பு இறங்க இறங்க வெளியே நிற்கும் நீளம் கூடுகிறது, வளைவும் கூடுகிறது. உள்துளை முடியும் இடம்வரை எலும்பு இறங்கி விட்டால், உலோகச் சுவர் மிக மெல்லியதாக உள்ள பகுதி துணையின்றி நிற்கிறது. உடைவு பெரும்பாலும் அங்கேதான்.

மூன்றாவது, உள்திருகு தளர்வது. இறுக்கப்பட்ட திருகு ஒரு வில்லைப்போல் சற்றே நீண்டு, இரண்டு துண்டுகளையும் இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடி இருக்கும்வரை கடியின் பலம் முழுத் துண்டுகளுக்கும் செல்கிறது. பிடி தளர்ந்து விட்டாலோ, ஒவ்வொரு கடியிலும் அந்த மெல்லிய திருகே வளைகிறது. பழைய அமைப்பில் பல்லைப் பிடித்த சிறு தங்கத் திருகு, வீட்டு மின்சாரத்தில் பியூஸ் இருப்பது போன்றது. பெரிய சேதத்துக்கு முன் அது தளர்ந்து எச்சரிக்கும்.

நான்காவது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி, கால் மில்லிமீட்டருக்கும் மெல்லிய நார்ப்படலம் ஒன்று மெத்தைபோல் இருக்கிறது. சோற்றில் ஒரு கல் அகப்பட்டால் உடனே வாய் திறந்துகொள்வது, அந்தப் படலத்தில் உள்ள நரம்புகள் தரும் உணர்வால்தான். இம்பிளாண்டுக்கு அந்த மெத்தை இல்லை. எவ்வளவு பலமாகக் கடிக்கிறோம் என்பது நன்றாகத் தெரிவதில்லை. இரவு முழுவதும் பல்லைக் கடிப்பவரின் இம்பிளாண்ட், பகலில் மெல்லும் வேலையைவிடக் கூடுதலான வேலையை இரவில் செய்கிறது.

இவற்றைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டாம். இம்பிளாண்டின் வேரே உடைவது மிக அரிது. 1996இல் பால்ஷி என்பவர் வெளியிட்ட கணக்கில், ஐந்தாண்டுகளில் 4,045 இம்பிளாண்டுகளுள் 8 மட்டுமே உடைந்திருந்தன. உடைந்தவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அலை திரும்பிய மணலில் தெரிவதைப்போல் வரிவரியாகத் தெரிவதுண்டு. விரிசல் சிறிது சிறிதாக முன்னேறியதன் தடம் அது. ஆகவே ஆட்டெலும்பு கடைசி மடக்கு மட்டுமே. அதற்கு முன்னால் எத்தனையோ மடக்குகள் நடந்து முடிந்திருந்தன.

ரயிலிலும் விமானத்திலும் கற்ற பாடத்தைப் பல் மருத்துவமும் கற்றுக்கொண்டது. கடைவாய்க்குப் பருமனான திருகுகள் வந்தன. மென்மையான டைட்டானியத்துக்குப் பதில் உறுதியான வகைகள் வந்தன. உள்திருகை அளவிட்டு இறுக்கும் கருவி வந்தது. 2003இல் இம்பிளாண்டுக்கென்றே ஐஎஸ்ஓ 14801 என்ற அனைத்துலகச் சோதனை முறை வெளியாயிற்று. அதன்படி இம்பிளாண்டை 30 பாகை சாய்த்து, 3 மில்லிமீட்டர் எலும்பு கரைந்துவிட்டதாக வைத்து, உலர்ந்த நிலையில் 50 இலட்சம் முறை அழுத்துகிறார்கள். வோலரின் சுழலும் பொறிக்கு இது பேரப்பிள்ளை முறை என்று சொல்லலாம்.

இனி நம் வீட்டுக்கு உரிய செய்தி. வேர் உடைந்து விட்டால், எலும்பில் ஒட்டிய அடித்துண்டை எடுப்பதற்குச் சுற்றியுள்ள எலும்பையும் சேர்த்துக் குடைய வேண்டியிருக்கும். புண் ஆற மாதங்கள் ஆகும். புதிதாக வைக்க மறுபடியும் பணம் வேண்டும். பிள்ளைகள் பாடுபட்டுச் சேர்த்த பணம் அது. ஆனால் உடைவதற்கு முன் வாய் பல வேளைகளில் நம்மை எச்சரிக்கிறது. பல் இலேசாக ஆடும், அல்லது திரும்பத் திரும்பத் தளரும். ஈறு வீங்கும், இரத்தம் கசியும். வலி இல்லையே என்று நாம் சும்மா இருந்து விடுகிறோம். இம்பிளாண்டுக்கு நரம்பு இல்லை, வலி எங்கிருந்து வரும்? ஆகையால் ஆடுகிற இம்பிளாண்டோடு நாளைக் கடத்தாதீர்கள். தளர்ந்த திருகைக் காலத்தில் மாற்றுவது சிறு வேலை. திரும்பத் திரும்பத் தளர்ந்தால், ஏன் தளர்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரவில் பல் கடிப்பதை வீட்டிலுள்ளவர் கேட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் அணியும் காப்புறை உண்டு. இம்பிளாண்டைச் சுற்றி நாள்தோறும் துலக்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. எந்த நிறுவனத்தின் இம்பிளாண்ட், என்ன அளவு என்பதை எழுதி வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நிறுவனத்தின் திருகு இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பத்தாண்டு கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போகும்போது, அந்தச் சீட்டு ஒன்றே உங்கள் திருகுக்கு முகவரி.

உடைந்தது யாருக்காவது நேர்ந்திருந்தால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அசுரர் பெயரைத் தாங்கிய உலோகமும் ஓயாத வேலையில் களைத்துத்தான் போகிறது. விடிந்தது முதல் உழைக்கும் நமக்கு அது விளங்காத செய்தி அல்ல.